குந்தியே கிடக்கும் உடம்புக்கு முதல் ஆசனம் எது? குடியாத்தம் பீடித் தொழிலாளி ஒருவரின் நான்கு மாத யோகா

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மா, வயது 61, சித்திரை பிறந்த கையோடு என்னிடம் யோகா கற்க வந்தார். ஆடி முடியும் வரை அவருடைய பயிற்சி எப்படிப் போனது, எதை வைத்தோம், எதைத் தள்ளினோம், எது பலித்தது, எது இன்னும் பாக்கி என்பதை இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் என்று இந்த வடஆற்காட்டுப் பக்கத்தில் இவரைப் போலத் தரையில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்த பெண்கள் ஏராளம். யோகா வகுப்புகள் பெரும்பாலும் இவர்களை மனதில் வைத்து அமைக்கப்படுவதில்லை. அந்த ஆதங்கம்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வைக்கிறது.

வந்தபோது இருந்த நிலை

சிறுமியாக இருந்தபோதே கையில் முறத்தை வாங்கியவர். இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடித்து, நூல் கட்டி, 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. வயதில் நாளைக்கு ஆயிரம் போட்ட கை. இப்போது அறுநூறு, எழுநூறு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு, ஆகவே எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு. மடியில் முறம், கால் சம்மணம், குனிந்த தலை. சமையலுக்கும் தண்ணீருக்கும் எழுவதைத் தவிர பகல் முழுக்க அதே நிலைதான்.

இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் அதிகம். பிடரியிலும் தோளிலும் இறுக்கம். கட்டைவிரல் அடியில் ஒரு குடைச்சல். சில வருடங்களாக ரத்த அழுத்தம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மாதாமாதம் மாத்திரை கொடுத்துப் போகிறார். கடைசியாக அவர் பார்த்தபோது 148/90. சர்க்கரை இல்லை.

முதலில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திருப்பி அனுப்பினேன். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் அந்த அளவில் நின்றால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். முட்டி சூடாக வீங்கியிருக்கிறதா, நடுவில் பூட்டிக்கொள்கிறதா, இரவில் தூங்கவிடாமல் வலிக்கிறதா, கை மரத்துப்போகிறதா, நடந்தால் நெஞ்சு அடைக்கிறதா என்பதெல்லாம் ஆசனம் சொல்லிக்கொடுப்பவர் ஊகித்து விடும் விஷயங்கள் இல்லை. மருத்துவர் முட்டி தேய்மானம் என்றார், உடற்பயிற்சி செய்யலாம் என்றார், மாத்திரையை ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். சரி, அதற்குப் பிறகுதான் பாயை விரித்தோம்.

அவர் சொன்ன ஒரு வார்த்தை

இதற்கு முன் யோகா செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். மருமகளின் போனில் யூடியூப் வீடியோ போட்டுப் பார்த்தாராம். "மொதல்ல காலு மடக்கி குந்த சொல்றாங்கம்மா. நாள் பூரா அப்டிதான குந்திகினு கீறேன். அதுக்கு எதுக்கு யோகா?" என்றார். அப்புறம் வீடியோவில் சூரிய நமஸ்காரம் வந்திருக்கிறது. குனிந்தவரால் முட்டியை ஊன்றி எழ முடியவில்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. இந்த முழுப் பயிற்சியும் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான். சம்மணமிட்டு உட்காரும் சுகாசனத்தை எளிய ஆசனம் என்று முதலில் வைப்பது, நாற்காலியில் வேலை பார்த்து இடுப்பு இறுகிப்போனவர்களுக்குப் பொருந்தும். இந்த அம்மாவுக்கு இடுப்பு நன்றாகவே மலர்கிறது. என்னைவிட லாவகமாகச் சம்மணம் போடுகிறார். அவரிடம் குறைந்து போனவை வேறு. மல்லாந்து படுக்கச் சொன்னபோது வலது முட்டியின் அடியில் என் மூன்று விரல் நுழைந்தது. கால் முழுசாக நீளவில்லை. இடுப்பின் முன்பக்கம் சுருங்கி, படுத்தால் முதுகு வளைந்து தூக்கிக்கொண்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோனால் காதைத் தொடவில்லை.

தொடையின் பலத்தையும் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் சோதனை உண்டு. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவர் 7. ஒவ்வொரு முறை எழும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அழுத்தம் உள்ளவருக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

ஆக, இவருடைய நாள் எந்த நிலையில் கழிகிறதோ அதற்கு எதிர்த் திசையில்தான் பயிற்சி தொடங்க வேண்டும். மடக்கிய காலுக்கு நீட்டல், குனிந்த கழுத்துக்கு ஓய்வு, அடைத்த மார்புக்கு விரிவு, உட்கார்ந்தே இருந்த தொடைக்கு நிற்கும் வேலை. சம்மணத்தையும், முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தையும் பயிற்சியிலிருந்து முழுக்க எடுத்துவிட்டேன். தியானத்துக்கும் படுத்தபடிதான், அல்லது நாற்காலியில்.

ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றுவது நம் மரபில் இருக்கும் விஷயம்தான். மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடுமையான ஆசனங்களைப் பழக்கிய கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பார்த்தே கற்றுக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையமும் அந்த வழியில் வந்ததே. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கட்டை, பெல்ட் என்று துணைப் பொருட்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார். சுவரைப் பிடித்துச் செய்தால் அது யோகாவே ஆகாது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்

பயிற்சிக்கென்று எதையும் வாங்கச் சொல்லவில்லை. கோரைப்பாய், அதன்மேல் மடித்த ஜமக்காளம். தலைக்கு மெல்லிய தலையணை. பழைய குடியாத்தம் லுங்கி ஒன்றை இறுகச் சுருட்டி, படுக்கும்போது முட்டிக்கு அடியில் வைத்தோம். நிற்பதெல்லாம் வெறுந்தரையில், வெறுங்காலோடு. சிமெண்ட் தரையில் கோரைப்பாய் வழுக்கும், அதன்மேல் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியும் அப்படித்தான், பின்கால் இரண்டும் சுவரில் முட்டும்படி போட்டால்தான் நகராது. உடையும் ஒரு பிரச்சினைதான். புடவையில் காலைத் தூக்கி வைக்கக் கூச்சப்பட்டார், வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள். நைட்டிக்கு உள்ளே மருமகளின் சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்ட பிறகுதான் மனம் ஒன்றிச் செய்தார். பல பெண்கள் முதல் வாரத்திலேயே நின்றுபோவதற்கு இதுதான் காரணமாக இருக்கும், வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கற்றுக்கொடுப்பவர்தான் கேட்க வேண்டும்.

பத்தே நிமிடம். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலியின் மேல் வைத்துக்கொள்வது. ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். மூக்கு வழியாகச் சாதாரணமாக மூச்சு, வெளியே விடுவது மட்டும் கொஞ்சம் நீளமாக. அப்புறம் காலைக் கீழே இறக்கி, ஒரு குதிகாலைப் பாயில் உரசியபடியே நீட்டி மடக்குவது, பக்கத்துக்கு ஆறு முறை. கால் நீண்டிருக்கும்போது முட்டியின் பின்பக்கத்தால் லுங்கிச் சுருளை மெல்ல அமுக்குவது. மூச்சை இழுத்தபடி ஒரு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், விட்டபடி இறக்குவது. கடைசியில் அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனம் கொஞ்சம், ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி, சற்று உட்கார்ந்து, அப்புறம் நிற்பது. அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இந்த எழும் முறையையே ஒரு ஆசனம்போலப் பழக்கினேன்.

"இவ்ளோதானாம்மா?" என்று கேட்டார். ஆமாம், இவ்வளவுதான். இன்னும் செய்யலாம் போலிருக்கிறது என்ற நினைப்போடு பாயைச் சுருட்ட வேண்டும். களைத்துப்போய் எழுந்தவர் மறுநாள் ஏதாவது சாக்குச் சொல்வார். ஆசையோடு எழுந்தவர் தானாக வருவார்.

அளவு பார்க்க இரண்டு கோல் கொடுத்தேன். ஒன்று மூச்சு. மூக்கால் சத்தமில்லாமல் விட முடியாமல் வாய் திறந்தாலோ, மூச்சு தானாக நின்றாலோ, அந்த அசைவு அன்றைக்கு அதிகம். இன்னொன்று வலி. பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். காலையில் கூடியிருந்தால் அன்று பாதிதான் செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் காலண்டர் தேதியில் நல்ல நாளுக்கு ஒரு கோடு, வலித்த நாளுக்கு ஒரு சுழி போட்டார். எங்கள் மருத்துவக் குறிப்பேடு அதுதான்.

மூச்சும் புகையிலைத் தூளும்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு எந்த ஊர்ப் பயிற்சிக் குறிப்பிலும் இது இருக்காது. அவர் படுத்துப் பழகிய உள்ளறையில்தான் இலை மூட்டையும் தூளும். கதவைச் சாத்திவிட்டு அங்கே ஆழமாக மூச்சு இழுப்பது புகையிலைத் தூளை நுரையீரலுக்கு அழைப்பதாகும். வாசல் திண்ணைக்கு மாறினோம், விடியற்காலை ஐந்தரைக்கு, முறம் வெளியே வருவதற்கு முன்னால். வேலூர் மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் அதுதான் நல்ல நேரமும்கூட. 40 டிகிரியைத் தாண்டும் நாளில் சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் மதியம் பயிற்சி செய்யச் சொல்வது பாவம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவருக்கு நாடி சுத்தி காட்டியிருந்தார், விரலால் மூக்கை மாற்றி மாற்றி அடைப்பது. இந்த விரல்கள் நாள் முழுக்கத் தூளில் புரண்டவை. நகக் கண்ணிலும் தோல் வெடிப்பிலும் அது தங்கியிருக்கும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் அந்த விரலை மூக்கில் வைக்கக் கூடாது. நான் விரலே வேண்டாம் என்றேன். மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விட்டால் போதும். அதே நபர் மூச்சை உள்ளே அடக்கவும் சொல்லியிருந்தார். இழுப்பது ஒரு பங்கு, அடக்குவது நான்கு பங்கு, விடுவது இரண்டு பங்கு என்ற பழைய கணக்கு, நெடுங்காலம் பழகியவர்களுக்கானது. அழுத்தம் 148-இல் நிற்கும் ஒருவருக்கு மூச்சு அடக்குவதும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும், தலை கீழே போகும் ஆசனமும் கிடையாது. கடைசியில் வண்டு ரீங்காரம்போல வாயை மூடி "ம்ம்" என்று முனகும் பிராமரி மட்டும் சேர்த்தோம். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. விடும் மூச்சு தானாக நீள்கிறது, எண்ணத் தேவையில்லை.

நின்று செய்தவை, நடுவில் நின்றுபோனவை

மூன்றாவது வாரத்தில் நிற்கத் தொடங்கினோம். சுவரில் முதுகு சாய்த்து நேராக நிற்கும் தாடாசனம், பின்தலையைச் சுவரில் லேசாக அழுத்துவது. சுவரில் கை ஊன்றிக் குதிகாலை உயர்த்துவது. பூனை ஆசனத்தைத் தரையில் முட்டியையும் மணிக்கட்டையும் ஊன்றிச் செய்வார்கள். இவருக்கு இரண்டும் ஆகாது. நின்றபடி சுவரில் முன்கையை வைத்து முதுகை மட்டும் குவித்து விரித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் முக்கியமான பயிற்சி: எழும்போது மூச்சை விட வேண்டும், உட்காரும்போது நிதானமாக இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து. முட்டி தேய்மானத்துக்குத் தொடைத் தசை பலப்படுவதைப் போல உதவுவது குறைவு, அதனால் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

வேலை நேரத்துக்குள்ளும் கொஞ்சம் நுழைந்தோம். நாலு கட்டு, அதாவது நூறு பீடி முடிந்ததும் எழுந்து நிலைப்படியைப் பிடித்து இரண்டு நிமிடம் நிற்பது. முதலில் மறுத்தார். நூறு பீடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் போவது மூன்று பீடி. அதை அவரே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். முறத்தை உயரமான பலகையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றலாமே என்ற என் யோசனை எடுபடவில்லை, மடியில் இருந்தால்தான் கை ஓடும் என்றார். சரி என்று, இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை, முதுகுக்குச் சுவர், ஒரு காலை மாற்றி மாற்றி நீட்டிக்கொள்வது என்று முடித்தோம்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே கூடும், வீடு நிறைய உறவு. அதற்கு முன்னும் பின்னுமாகப் பயிற்சி சுத்தமாக நின்றுபோனது. இப்படி நிற்பது இயல்பு, இதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். திரும்ப வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதல் வாரப் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினோம். நாலைந்து நாளில் பழைய அளவு வந்துவிட்டது.

ஜூன் 21-இல் நடந்தது வேறு. ஐ.நா. 2014 டிசம்பரில் அறிவித்து 2015 முதல் கொண்டாடப்படும் சர்வதேச யோகா தினம். ஒரு மைதானத்தில் கூட்டுப் பயிற்சி என்று தெருப் பெண்களோடு போயிருந்தார். அந்த நாளுக்கான பொதுப் பயிற்சி வரிசையில் முட்டியை மடக்கிச் செய்யும் வஜ்ராசனம், உஷ்ட்ராசனம், பத்ராசனம் எல்லாம் உண்டு. சுற்றி எல்லோரும் செய்யும்போது தான் மட்டும் நிற்க வெட்கமாக இருந்ததாம், முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வலது முட்டி வீங்கிவிட்டது. காலண்டரில் வரிசையாகச் சுழி. தரைப் பயிற்சியைக் குறைத்து, மூச்சும் கணுக்கால் அசைவும் மட்டும் வைத்தோம். வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. கூட்டத்தில் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து செய்யலாம், கையை மட்டும் அசைக்கலாம், சும்மா கண்மூடி இருக்கலாம். அதைச் சொல்லும் துணிவும் பயிற்சியில் சேர்ந்ததுதான் என்று அவரிடம் சொன்னேன். நடத்துபவர்களும் முன்வரிசையிலேயே நாலு நாற்காலி போட்டால் எத்தனையோ முட்டிகள் பிழைக்கும்.

ஆடியில் பார்த்தது

30 விநாடிச் சோதனையில் 7 இப்போது 11. பன்னிரண்டை எட்டவில்லை, ஆனால் மூச்சைப் பிடிக்காமல் எழுகிறார், அதுதான் எனக்குப் பெரிது. படுத்தால் வலது முட்டியின் அடியில் ஒரு விரல்தான் நுழைகிறது. காலையில் எழுந்ததும் இருந்த விறைப்பு குறைந்திருக்கிறது. தூக்கம் நன்றாக வருவதாகச் சொல்கிறார். கழுத்து வலி பாதிதான் குறைந்தது. வேலை மாறாதவரை அது முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டைவிரல் குடைச்சல் அப்படியே இருக்கிறது. படி இறங்கும்போது முட்டி இன்னும் வலிக்கிறது.

ரத்த அழுத்தம் 132/84-க்கு வந்திருக்கிறது. இதை யோகாவின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. நடுவில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், மருமகள் ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தார். மூன்றும் சேர்ந்து நடந்ததில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அழுத்தம் இறங்கிவிட்டது, மாத்திரையை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். கூடவே கூடாது. மாத்திரையைத் தொடுவது மருத்துவர் வேலை.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்குவதாக இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். விடியலில் வெறும் வயிற்றில் செய் என்ற விதி உங்களுக்கு அப்படியே பொருந்தாது. சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கலாம். எப்போது, என்ன சாப்பிட்டுச் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அழுத்தம் அடங்கிவிட்டதால் பாலம் போட்டாற்போல் இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தை, நாலு விரல் உயரத்துக்கு மட்டும், பிடித்து நிற்காமல் தூக்கி இறக்குவதாக இப்போது சேர்த்திருக்கிறோம். அடுத்தது படி. ஒரு செங்கல் உயரத்தில் பலகை வைத்து, சுவரைப் பிடித்து ஏறி இறங்குவதில் தொடங்கி, புரட்டாசியில் மறுபடி எண்ணிப் பார்ப்பதாக இருக்கிறோம். ஐப்பசி மழையில் திண்ணை நனையும், அப்போது உள்ளறைக்குத்தான் போக வேண்டும். இலை மூட்டையையும் தூளையும் அதற்குள் பின்கட்டுக்கு மாற்றித் தருவதாக மருமகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்.